கஸ்தூரி கீழே போனாள்

ஜூன் 14, வெள்ளி

பால்வாடியை விட்டு வரும்போது டீச்சரம்மா கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து மே வரை பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன. கிழித்துவிட்டுத் தொடங்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், மளிகைச் சாமான் எழுத உதவும்.

கல்யாணமாகி மலைக்கு வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. எங்கள் ஊர் நிலக்கோட்டையில் காலையில் விரித்துப் போட்டால் பத்து மணிக்கு மடித்து வைத்துவிடலாம். இங்கே அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எல்லாப் புடவையிலும் புகை வாசனை. அரிசி குக்கரில் வைத்தால்தான் வேகிறது.

அவர் நல்லவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டும் தொழில். ஒரே ஒரு மட்டக்குதிரைதான். பெண் குதிரை. கஸ்தூரி என்று பெயர். நல்ல அடர்ந்த பழுப்பு, நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அவருடைய முதல் மனைவி ரோஸ்லின் வைத்த பெயராம். ரோஸ்லின் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகிறது. மகள் ஜோவிட்டாவுக்கு ஒன்பது வயது.

முப்பத்து நாலு வயதில் எனக்குப் புருஷனோடு ஒரு மகளும் கிடைத்திருக்கிறாள். பால்வாடியில் அத்தனை பிள்ளைகளைப் பழக்கியவளுக்கு இந்த ஒரு பிள்ளை என்ன பெரிய காரியம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஜூன் 22, சனி

ஜோவிட்டா கண் விழித்ததும் நேராகக் குதிரைக் கொட்டகைக்குப் போய்விடுகிறாள். பல் விளக்குவது, காபி குடிப்பது, வாய்ப்பாடு சொல்வது எல்லாம் அங்கேதான். வீட்டை ஒட்டியே கொட்டகை. சமையலறைக்கும் அதற்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். அடுப்படியில் நின்றால் குதிரை மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

என்னிடம் "சரி சித்தி", "வேணாம் சித்தி" என்ற இரண்டு பேச்சுதான். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல முடியாது. கஸ்தூரியிடம் போய்விட்டால் வாய் ஓயாது. டீச்சர் யாரை அடித்தார், யாருடைய ரப்பர் காணாமல் போனது, எந்தப் பல் ஆடுகிறது, எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாள். குதிரை நடுநடுவே மூக்கைச் செருமுகிறது. அதற்கும் இவள் பதில் சொல்கிறாள்.

நான் ஒட்டுக் கேட்பதில்லை. வெங்காயம் நறுக்க அந்தச் சுவர்ப் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து பூரணக் கொழுக்கட்டை செய்தேன். ஜோவிட்டா இரண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டோம் சித்தி" என்றாள்.

சாப்பிட்டோம். பிள்ளைக்கென்று செய்தது. யார் தின்றால் என்ன.

ஜூலை 24, புதன்

கஸ்தூரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவங்க வைக்கிற கொழம்பு ஒரே புளிப்பு. எங்கம்மா வச்சா இனிக்கும்ல?"

அவங்க. சித்திகூட இல்லை.

நாளையிலிருந்து புளியைக் குறைக்க வேண்டும். மலைக் குளிருக்குப் புளி ஆகாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருவிழா. ஏரிக்கரைக் குதிரைகளையெல்லாம் ஜோடித்துக் கொண்டுபோவார்கள் போல. கஸ்தூரியின் பிடரி மயிரில் ரிப்பன் கட்டத் தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஜோவிட்டா சமையலறை வாசலில் வந்து நின்று, "சித்தி, ஒரு நிமிசம் வர்றீங்களா?" என்றாள். அரைத்துக்கொண்டிருந்த சட்னியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

இத்தனை நாளில் கொட்டகைக்குள் கால் வைத்தது இன்றுதான். கிட்டத்தில் பார்க்கப் பயமாக இருந்தது. கண் அவ்வளவு பெரிசு.

"பயப்படாதீங்க. மொதல்ல வெல்லம் குடுங்க, பழகிரும். விரல்ல புடிக்கக் கூடாது சித்தி, கடிச்சிரும். உள்ளங்கையத் தட்டையா வைங்க. இப்படி."

என் கைக்கு அடியில் தன் கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள். குதிரையின் உதடு சூடாக, ஈரமாக என் கையில் ஊர்ந்தது. நான் கூசிச் சிரித்ததும் ஜோவிட்டாவும் சிரித்தாள். முன்பல் விழுந்த இடம் தெரிந்தது. அந்தப் பல் எந்த நாள் விழுந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லித் தெரிந்ததில்லை.

"கஸ்தூரிக்கு உங்களப் புடிச்சிருச்சு" என்றாள்.

"உனக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. கை விலகிவிட்டது. "தலைய ஆட்டிட்டே இருக்கு, நல்லாப் புடிங்க" என்று சொல்லிவிட்டு ரிப்பனைக் கட்டத் தொடங்கினாள்.

செப்டம்பர் 11, புதன்

நாள் தள்ளிப்போனதால் சுகாதார நிலையத்துக்குப் போனேன். இரண்டு மாதம் என்றார் நர்ஸம்மா. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கீரை சாப்பிட வேண்டும், வழுக்கும் இடத்தில் பார்த்து நடக்க வேண்டும், அடுத்த முறை ஸ்கேன். "வேற எதும் கவனமா இருக்கணுமா?" என்று கேட்டேன். "மனச சந்தோசமா வச்சுக்கங்க, அது போதும்" என்றார். அவ்வளவுதான்.

வரும் வழியில் சௌசௌவும் பட்டர் பீன்ஸும் வாங்கினேன்.

மகளிடம் அவரே சொன்னார். அவள் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். "கஸ்தூரி, எங்க வீட்டுக்குப் பாப்பா வருது. நாந்தான் அத உம்மேல ஏத்தி ஒக்கார வைப்பேன். அவங்க பயப்படுவாங்க. நீ மெல்லமா நடக்கணும், என்ன?"

எங்க வீட்டுக்கு என்றாள். ஒரு தரம்தான் சொன்னாள், எனக்கு இரண்டு தரம் கேட்ட மாதிரி நினைவு.

செப்டம்பர் 27, வெள்ளி

மூன்று நாளாக மழை. ஏரிச் சாலையில் கஸ்தூரிக்கு முன்னங்கால் வழுக்கி மடங்கிவிட்டது. நல்லவேளை, மேலே ஆள் இல்லை. அவர் மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, நரம்புதான் பிசகியிருக்கிறது, பனிக்காலம் முடியும்வரை சவாரிக்கு விடாமல் கட்டிப் போட்டால் பழையபடி ஓடும் என்றார்.

தொழிலுக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. கீழத்தெரு காதர் பாயிடம் இரண்டு குதிரை இருக்கிறது. அவர் வந்து, "ஒண்ண நீ ஓட்டிக்க சவரி. கஸ்தூரி எந்திரிச்சதும் பாத்துக்கலாம்" என்றார். தங்கமான மனிதர்.

செப்டம்பர் 30, திங்கள்

ஜோவிட்டா பள்ளிக்கூடம் போகவில்லை. கொட்டகையிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்கிறாள். வெந்நீரில் துணியை நனைத்து நனைத்துக் குதிரைக் காலில் ஒற்றுகிறாள். போய்க் கூப்பிட்டேன்.

"வா பாப்பா, சளி புடிக்கும்."

"நான் போனா அது அழும்."

"குதிரையெல்லாம் அழாது."

"உங்களுக்குத் தெரியாது சித்தி."

சாயங்காலம் நான் பயந்தபடியே காய்ச்சல். அவர் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார். மிளகு ரசம் வைத்துக்கொண்டு போனேன். கண்ணை மூடியபடி "அம்மா" என்று கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ரசத்தை அவர் குடித்தார்.

அக்டோபர் 3, வியாழன்

சாப்பிடும்போது, நர்ஸம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். கர்ப்பமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் குதிரை இருக்கக் கூடாது, அந்த முடியும் லத்தி வாடையும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, குறையோடு பிறக்கும் என்று. அன்றைக்கு டைரியில் எழுத விட்டுப்போயிருக்கிறது.

அவர் கை பாதியில் நின்றுவிட்டது. "நர்ஸம்மா அப்படியா சொன்னாங்க?"

"பின்ன நான் கட்டியா சொல்றேன்?"

"பாப்பா தாங்க மாட்டாளே, செலின்."

"அப்ப இந்தப் பாப்பா?" என்றேன்.

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அவருடைய சம்மதம் எப்போதுமே இப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 8, செவ்வாய்

காதர் பாய் தன் கொட்டகையில் ஒரு பக்கம் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். "இந்தா இருக்கு கீழத்தெரு. பாப்பா நெனச்ச நேரம் வந்து பாத்துக்கும்ல, தங்கச்சி?" அதைக் கேட்டதும் இவருக்கு முகமெல்லாம் தெளிவு. இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

காதர் பாய் போன பிறகு அவரிடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்தால் பிள்ளை அங்கேயேதான் கிடப்பாள். படிப்புப் போகும், உடம்பும் கெடும். "தெனம் பாத்துப் பாத்து ஏங்குறத விட, கண்ணுல படாம இருந்தா மறந்துரும்ங்க. புள்ளைங்க மனசு அப்படித்தான். பால்வாடியில எத்தன புள்ளைகளப் பாத்திருக்கேன்."

பிறகு என் தம்பி ஸ்டீபனுக்குப் போன் செய்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஸ்டீபன் மினி லாரியோடு வந்தான். ஜோவிட்டா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். குதிரையை வாங்குபவர் தோட்டக்காரர், தென்னந்தோப்பு நிழலில் சும்மா கட்டி வைத்திருப்பார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வேறு தொழிலும் செய்வார்கள்தான். அதையெல்லாம் நாம் கேட்க முடியுமா.

குதிரை வண்டியில் ஏற மாட்டேன் என்றது. இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள், ஸ்டீபன் பின்னாலிருந்து தள்ளினான். நொண்டிக் காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றது. அவர் ரோட்டுப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மழை வேறு வரும்போல இருந்தது.

நான் வெல்லம் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளங்கையைத் தட்டையாக வைத்தேன். ஏறிவிட்டது.

சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் கொட்டகைக்குப் போனவள், அதே வேகத்தில் திரும்பி வந்தாள். "கஸ்தூரி எங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.

"கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு பாப்பா. காலு நல்லாயிட்டு வந்துரும்."

"எங்கிட்டச் சொல்லாமயா போச்சு?"

"திடீர்னு வண்டி கெடைச்சுது."

"அப்பா?"

"ஆமாடா" என்றார்.

இதைப் பொய் என்று ஏன் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு மருந்தைத் தேனில் குழைத்துத்தான் கொடுக்கிறோம்.

அக்டோபர் 24, வியாழன்

பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். ரோஸ்லின் கல்லறையில் புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து பூ வைத்தோம். ஜோவிட்டா மெழுகுவர்த்தி ஏற்றினாள். திரும்பி நடக்கும்போது அவளாகவே என் பக்கத்தில் வந்தாள்.

"சித்தி, ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சா?"

மாதா திருவிழாவுக்குப் பிறகு அவளாக என்னிடம் வந்து எதையும் கேட்டதில்லை. வந்தது என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"காலுக்குக் கட்டுப் போட்டிருக்காங்களாம். கொள்ளு வச்சா ஒரு பருக்கை விடாம திங்குதாம்."

"தவிட்டுத் தண்ணி குடிக்குதா? அதுல கொஞ்சம் உப்புப் போடணும். சொல்லிருங்க."

"சொல்றேன்" என்றேன். வீடு வரும்வரை பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என்னிடம்தான் வருகிறாள். நானும் வேலையை அதற்கு முன்னாலேயே முடித்து வைத்துவிடுகிறேன். இன்றைக்கு ஒரு யானை வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னேன். கோயில் யானை. வயிற்றுவலி. கஸ்தூரிக்குப் பக்கத்து அறை.

"யானைக்கு ஊசி போட்டாங்களா?"

"எட்டுப் பேர் புடிச்சும் முடியல. கஸ்தூரி எட்டிப் பாத்துக் கனைச்சுதாம். ஒடனே யானை பேசாம நின்னுருச்சாம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் மடியில் சாய்ந்தாள். தலையில் கை வைத்தேன், எடுக்கச் சொல்லவில்லை. எண்ணெய் இல்லாமல் வறண்டு கிடந்தது. அப்படியே எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டேன்.

"கஸ்தூரி என்னையத் தேடுதாம்மா?" என்று கேட்டாள்.

பேச்சோடு பேச்சாக வருகிற 'ம்மா'வாக இருக்கலாம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 23, சனி

ஜோவிட்டா தினமும் சரிவில் இறங்கிப் புல் அறுத்துக்கொண்டு வருகிறாள். கஸ்தூரி வரும்போது பசியோடு வருமாம். பழைய புல் அழுகியதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் புல் வைக்கிறாள். கையெல்லாம் கீறல். மஞ்சள் தடவிவிட்டேன். யானை குணமாகி ஊருக்குப் போனதைச் சொன்னேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

"எப்பத்தான் வரும்?" என்று அழத் தொடங்கிவிட்டாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் என்றேன்.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கு செலின் இப்படி வளத்துக்கிட்டே போற?" என்றார்.

"அப்ப நீங்க சொல்லுங்க உண்மைய."

மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிட்டார்.

டிசம்பர் 27, வெள்ளி. நிலக்கோட்டை

கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறோம். இங்கே வெயிலில் ஒரு மணி நேரத்தில் துணி காய்கிறது. அதை எழுதத்தான் டைரியை எடுத்தேன்.

இன்றைக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது ஸ்டீபன் ஆட்டோவைச் செங்கல் சூளைப் பாதையில் விட்டான். குறுக்கு வழியாம். அவனுக்கு எப்போதுமே யோசனை கிடையாது. சூளை மேட்டில் ஒரு குதிரை சூளையில் வைக்காத பச்சைச் செங்கல் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது.

"அப்பா, கஸ்தூரி!"

"அது வேற குதிரை பாப்பா" என்றேன்.

ஆட்டோ நிற்பதற்குள் குதித்துவிட்டாள். அவரும் பின்னாலேயே ஓடினார். நான் இந்த வயிற்றோடு மெல்லத்தான் போக முடிந்தது. உடம்பெல்லாம் செம்மண் தூசி, நெற்றி வெள்ளைகூடச் சிவப்பாக இருந்தது. விலா எலும்பு தெரிந்தது. நுகம் பட்ட இடத்தில் புண், ஈ மொய்த்துக்கொண்டு இருந்தது. அந்த முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஜோவிட்டா பேர் சொன்னதும் தலையைத் தூக்கியது. அவள் வயிற்றில் முகத்தை முட்டிக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. கனைப்பு இல்லை. அது என்ன சத்தம் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

சூளை மேஸ்திரி வந்தான். என்னைப் பார்த்ததும், "அட, ஸ்டீபனோட அக்காவா? நீங்கதான போன்ல சொன்னீங்க, எங்க வேணா வச்சு வேலை வாங்கிக்கங்க, மலைப்பக்கம் மட்டும் திரும்ப வரக் கூடாதுன்னு? அதான் இங்கயே வச்சிருக்கேன்" என்றான்.

நாள் முழுக்க வெயிலில் நிற்கிற ஆள். அவன் பேச்சை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது.

அவர் என் பக்கம் திரும்பினார். இத்தனை பேர் முன்னால் அவர் குரலை உயர்த்தி இதுவரை நான் கேட்டதில்லை. "தென்னந்தோப்புன்னுதான சொன்ன? குதிரை வாடை பாப்பாவுக்கு ஆகாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்கன்னுதான நான் ஒத்துக்கிட்டேன்?"

ஜோவிட்டா அழவில்லை. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"இதுதான் ஆஸ்பத்திரியா?"

டிசம்பர் 28, சனி

அவர் இங்கத்தி மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போய்விட்டு வந்தார். இப்போது வண்டியில் ஏற்றினால் மலை ஏறும் வழியிலேயே விழுந்துவிடும், கொஞ்ச நாள் நிழலில் கட்டிப் போட்டு மருந்து கொடுங்கள் என்றாராம். மேஸ்திரி வேலைக்கு விடுவதில்லை என்று ஒத்துக்கொண்டான். பொங்கல் முடிந்ததும் கூட்டிக்கொண்டு வர வேண்டியது.

அவர் மகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "அப்பாவே வந்து கூட்டிட்டு வர்றேன். சத்தியம்டா" என்றார்.

அவள் "சரிப்பா" என்றாள். என்னிடம் சொல்கிற அதே "சரி".

ஜனவரி 6, திங்கள்

மலைக்குத் திரும்பிவிட்டோம். கேஸ் தீர்ந்து, ஆள் வர இரண்டு நாள் ஆனது. விறகில் சமைத்தேன்.

நேற்று ஏரிக்கரையில் நர்ஸம்மாவைப் பார்த்தாராம். பேசினாராம். என்ன பேசினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்குத் தன் சட்டையைத் தானே துவைத்துக்கொண்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

கொட்டகையைக் கழுவி, புது வைக்கோல் பரப்பி, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறாள். வயிற்றில் பிள்ளை நன்றாக உதைக்கிறது. "பாப்பா, கைய வச்சுப் பாரு" என்று கூப்பிட்டேன். வந்தாள், வைத்தாள், "ஒதைக்குது சித்தி" என்றாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பப் போய்விட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் லாரி பிடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்தது காலி லாரி. நல்லவேளை, ஜோவிட்டா மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள்.

குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் நின்ற பிறகும் கையால் முகத்தை வழித்துக்கொண்டே இருந்தார். பொங்கலுக்கு மறுநாள் படுத்ததாம், அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லையாம். மண் எடுத்த பள்ளத்திலேயே புதைத்துவிட்டார்களாம். இவருக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

"நீயே சொல்லிரு" என்றார். "என்னால ஆகாது. கதை சொல்லத்தான் ஒனக்கு நல்லா வருமே."

கொட்டகைப் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் வந்ததும் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. எதையும் குழைக்காமல் சொன்னேன். "கஸ்தூரி செத்துப்போச்சு ஜோவிட்டா."

என் முகத்தையே பார்த்தாள். "இப்ப எங்க வச்சிருக்கீங்க?"

"இல்ல பாப்பா. நெசமா செத்துப்போச்சு. பொதைச்சுட்டாங்க."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

"அப்பாவக் கேளு."

"அப்பாவும் அப்படித்தான் சொல்வாரு. அன்னைக்கும் ஆமான்னுதான சொன்னாரு."

வயிற்றில் கையை வைத்து, "இந்தப் பாப்பா மேல சத்தியமா" என்றேன்.

"பாப்பா மேலயெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க" என்றாள். கோபமே இல்லை. ஒரு பெரிய மனுஷி சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போனாள்.

ஜனவரி 27, திங்கள்

அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். "சரிப்பா" என்றாளாம்.

பிப்ரவரி 3, திங்கள்

சில நாளாக ஜோவிட்டாவிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. நான் குடத்தைத் தூக்கப் போனால் ஓடி வந்து வாங்கிக்கொள்கிறாள். ஈரமாக இருக்கிற படியில் சாம்பல் தூவி வைக்கிறாள். "மாத்திரை போட்டீங்களா சித்தி?" என்று கேட்டு டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து நிற்கிறாள். முருங்கைக்கீரை மலையில் எங்கே கிடைக்கும் என்று காதர் பாய் வீட்டில் போய் விசாரித்தாளாம்.

என்ன இருந்தாலும் ரத்தம். தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறது என்றால் பிள்ளை மனசு தானாக இளகிவிடும். அவரிடம் சொன்னேன். அவர் மஃப்ளரை எடுத்துச் சுற்றிக்கொண்டார். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா அழுதுவிட்டாள்.

எல்லாம் வழிக்கு வந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

காதர் பாய் கீரை கொண்டுவந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"தங்கச்சி, பாப்பா என்னென்னமோ சொல்லுது. நீங்க கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

"என்ன சொன்னா?"

"கஸ்தூரி நல்லா இருக்காம். குதிரை வாடை பாப்பாவுக்கு ஆகாதுன்னுதான் நீங்க வேற எடத்துல மறைச்சு வச்சிருக்கீங்களாம். பாப்பா பொறந்துட்டாக் கொண்டாந்து விட்டுருவீங்களாம். கொழந்தை நல்லபடியா பொறக்கணும்னு எங்கூட்டுல ஓதச் சொல்லிட்டுப் போச்சு."

கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

கீரையை ஆய்ந்து வைத்தேன். அரிசி களைந்து போட்டேன். ஜோவிட்டா புல்லை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவி, மாத்திரையும் தண்ணீருமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா எப்ப சித்தி பொறக்கும்?"

"ஏப்ரல்ல."

"கொஞ்சம் சீக்கிரமாப் பொறக்காதா?"

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.